கேட்டைத் தாண்டாத நற்பெயர்

பாடியிலிருந்து அம்பத்தூர் போகிற பேருந்தில் உட்கார்ந்து நிறுத்தங்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே வந்தால், பாதி ஊர்ப் பெயர், பாதி கம்பெனிப் பெயர். பிரிட்டானியா, டன்லப், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் திரும்பினால் வாவின். டன்லப் டயர் ஆலையில் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இன்றும் "டன்லப் ஒண்ணு" என்று சீட்டு கேட்டால் நடத்துநருக்குப் புரிகிறது. ஆலையின் பெயர் ஆலைக்குப் பிறகும் வாழ்கிறது. அதே ஆலைகளில் வாழ்நாளைக் கொடுத்தவர்களின் பெயருக்கு இந்த ஆயுள் இல்லை. ஒருவர் என்ன தொழில் தெரிந்தவர், எத்தனை ஆண்டு நின்று வேலை செய்தார், அவர் கைவேலை எவ்வளவு சுத்தம் என்பதெல்லாம் அவர் வேலை பார்த்த கேட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்தச் சாலையில் இருக்கிற மண்ணூர்பேட்டையைப் போல இதைப் பற்றிப் பேசப் பொருத்தமான இடம் வேறு இல்லை. ஒரு பக்கம் பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். என்று வாகன உதிரிபாக ஆலைகளின் கூட்டம். இன்னொரு பக்கம் 1960களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. நடுவில் மண்ணூர்பேட்டையின் தெருக்கள். தகரக் கூரை போட்ட ஷெட்டுகளில் இரண்டு லேத், ஒரு மில்லிங் மிஷின், மூலையில் ஒரு டிரில்லிங். பெரிய கம்பெனி ஜாப் ஒர்க் கொடுத்தால் இரவு ஷிப்டும் ஓடும், கொடுக்காவிட்டால் மாலையிலேயே ஷட்டர் இறங்கும். வீட்டு மாடிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் பையன்கள் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, பழைய ஆலை இடங்கள் சிலவற்றில் ஐ.டி. கட்டடங்கள் எழுந்துவிட்டன. மண்ணூர்பேட்டையின் அடிப்படைத் தொழில் மட்டும் மாறவில்லை. இரும்பைக் கடைவதும், கடையத் தெரிந்தவனைத் தேடுவதும்தான் அது.

அந்தத் தேடலை எஸ்டேட் சுவர்களிலேயே படிக்கலாம். "ஆட்கள் தேவை: சி.என்.சி. ஆபரேட்டர், டர்னர், வி.எம்.சி. செட்டர், ஹெல்பர்." கீழே ஒரு கைப்பேசி எண். அந்த எண்ணுக்குப் பேசி, பையில் டிபன் பாக்ஸோடு வந்து நிற்கிற ஒருவரிடம் என்ன கேட்கிறார்கள்? "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" அவர் சொல்கிறார். முதலாளிக்கு அந்தக் கம்பெனிக்காரரைத் தெரிந்திருந்தால் ஒரு போன் போகும். தெரியாவிட்டால் ட்ரையல். ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து, "இந்தப் பீஸைப் போட்டுக் காட்டுங்க" என்பார்கள். அளவு மைக்ரோமீட்டரில் சரியாக நின்றால் வேலை. சம்பளம் மட்டும் பெரும்பாலும் புதிதாக வந்தவனுக்கு உரிய இடத்திலிருந்தே தொடங்குகிறது.

ட்ரையல் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை. தொழில் தெரியுமா என்பதை மிஷினைப் போல் நேர்மையாக வேறெதுவும் சொல்லாது. ஆனால் ஒரு பீஸ் போட்டுக் காட்டுவதில் தெரியாத விஷயங்கள் உண்டு. ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டர் ஜாப்பை மாட்டுவார், பட்டனை அழுத்துவார், கழற்றி அளப்பார். செட்டர் புது ஜாப் வந்தால் டூல் ஆஃப்செட் போடுவார், புரோகிராமில் எங்கே தவறு என்று பார்ப்பார், இன்சர்ட் தேய்ந்துவிட்டதை வெட்டும் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார், ரிஜெக்‌ஷன் ஏறும்போது காரணத்தைத் தேடுவார். ஒரு ஷிப்டையே அவரை நம்பி விட்டுவிட்டு முதலாளி வீட்டுக்குப் போகலாம். இந்த நம்பிக்கை உருவாக ஆண்டுகள் ஆகின்றன. எந்தத் தாளிலும் அது எழுதப்படவில்லை. அவர் கேட்டைத் தாண்டிய அன்று அந்த நம்பிக்கை உள்ளேயே நின்றுவிடுகிறது.

நம் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் 2015-ல் தொடங்கிய டிஜிலாக்கரில் இருக்கிறது. கைப்பேசியில் காட்டினால் போதும், எங்கே போனாலும் கூடவே வரும். ஒரே ஆண்டு எழுதிய ஒரு பரீட்சைக்கு இருக்கிற இந்த வசதி, இருபது ஆண்டு பார்த்த வேலைக்கு இல்லை. இதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

பணம் மட்டும் நகரக் கற்றுக்கொண்டது

எதுவுமே கூட வருவதில்லை என்று சொன்னால் அது பொய். பி.எஃப். விஷயத்தில் நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2014-க்கு முன் கம்பெனி மாறினால் பி.எஃப். கணக்கும் புதிது. பழைய கணக்கை மாற்றப் படிவம் 13 எழுதி, பழைய முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். சண்டை போட்டுவிட்டு வந்த இடத்தில் யார் போய்க் கையெழுத்துக் கேட்பது? பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். 2014 அக்டோபரில் 12 இலக்க யு.ஏ.என். எண் வந்தது. கம்பெனி எத்தனை மாறினாலும் ஆளுக்கு ஒரே எண். 2025 ஜனவரியில் இன்னொரு தடை விலகியது. பெரும்பாலான கணக்கு மாற்றங்களுக்கு முதலாளியின் ஒப்புதலே தேவையில்லை என்று ஆனது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், புது எண்ணைத் தொழிலாளி தன் கைப்பேசியில் உமங் செயலி வழியே, முகத்தைக் காட்டித் தானே உருவாக்கிக்கொள்ளும் முறை வந்தது. கணக்கின் சாவி மெல்ல மெல்லக் கம்பெனியின் மேஜையிலிருந்து தொழிலாளியின் சட்டைப்பைக்கு வந்திருக்கிறது. கைப்பேசி எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்ததே, அதுபோலத்தான் இதுவும். எண் உன்னுடையது, கம்பெனிக்காரன் வருவான் போவான்.

ஆனாலும் இந்த எண்ணின் முழு அருமை மண்ணூர்பேட்டை ஷெட்டுகளில் இன்னும் உறைக்கவில்லை. காரணம் பென்ஷன். முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. மொத்தம் 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன். ஒருவர் ஓரிடத்தில் 4 ஆண்டு, அடுத்த இடத்தில் 3, அதற்கடுத்த இடத்தில் 4 ஆண்டு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை விலகும்போதும் படிவம் 10சி கொடுத்து அந்தப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அவருடைய சேவை பூஜ்யம். எடுக்காமல் கணக்கை மாற்றிக்கொண்டே வந்தால், அல்லது பணத்துக்குப் பதில் பார்த்த சேவையைக் குறித்துத் தரும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், 11 ஆண்டு. ரூ.15,000 ஊதிய வரம்பில் கணக்குப் போட்டால் 15,000 × 11 ÷ 70, அதாவது மாதம் சுமார் ரூ.2,357. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அறுபது வயதில் மாத்திரைச் செலவுக்கு மகனிடம் கை நீட்டாமல் இருக்க அது போதும்.

இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் எத்தனையோ பேர் வேலை மாறிய இரண்டாம் மாதமே எல்லாவற்றையும் எடுத்துச் செலவழித்துவிடுகிறார்கள். பள்ளிக் கட்டணம், ஊர்த் திருவிழா, தங்கை கல்யாணம் என்று செலவு காத்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதச் சம்பளம் இல்லாத வீட்டுக்குப் பென்ஷனைப் பற்றிப் புத்தி சொல்வது சுலபம். 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு, வேலையை விட்டவர் பென்ஷன் பணத்தை எடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக நீட்ட முடிவெடுத்தது. சேவை அறுபடாமல் இருக்கட்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லது. வேலையில்லாத அந்த மாதங்களுக்கு வேறு வழி காட்டாமல் கதவை மட்டும் மூடினால் வட்டிக்காரர் கதவுதான் திறக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. எண்ணும் வாழ்நாளுக்கு ஒன்றுதான். மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அயனாவரம் மருத்துவமனையின் கதவு, கம்பெனி மாறினாலும் அதே எண்ணுக்குத் திறக்கும். ஈ.எஸ்.ஐ. குறைந்தது 10 பேர் வேலை செய்யும் இடத்துக்கு, பி.எஃப். குறைந்தது 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு. ஆறு பேர் வேலை செய்கிற ஷெட்டுக்கு இரண்டும் இல்லை.

முதலெழுத்தில் தடுக்கி விழும் அடையாளம்

எண் ஒன்றாக இருந்தாலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டுமே. தமிழ்நாட்டுத் தொழிலாளியின் தலைவலி அங்கே தொடங்குகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வது நம் வழக்கம். நாடு முழுவதற்கும் ஒரே அச்சில் வார்த்த படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கிறது. ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்வோம். சுப்பிரமணி மகன் முருகன். பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன். ஆதாரில் முருகன் எஸ். பான் அட்டையில் சுருக்கெழுத்து கூடாது என்பதால் முருகன் சுப்பிரமணி. பி.எஃப். கணக்கை முதன்முதலில் பதிந்த கான்ட்ராக்டரின் பையன் அவசரத்தில் ஆங்கிலத்தில் தட்டியது வெறும் முருகன், அதிலும் ஓர் எழுத்து பிசகு. நான்கு முருகன்கள். கணினியின் கண்ணுக்கு நான்கும் வேறு வேறு மனிதர்கள். இதில் பிறந்த தேதியும் பள்ளியில் வாத்தியார் போட்டது ஒன்று, ஆதாரில் ஏறியது ஒன்று என்றால் கேட்கவே வேண்டாம்.

திருத்த வேண்டுமென்றால் முன்பெல்லாம் முதலாளி வழியாக உறுதிமொழிப் படிவம் போக வேண்டும். கம்பெனி மூடிவிட்டிருந்தால்? கான்ட்ராக்டர் ஊரைவிட்டே போயிருந்தால்? 2025 ஜனவரியில் இதிலும் ஒரு தளர்வு வந்தது. 2017 அக்டோபருக்குப் பின் ஆதார் சரிபார்ப்போடு எடுத்த எண்களுக்குப் பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் போன்றவற்றைத் தொழிலாளி தானே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்திய எண்காரர்களுக்கு, அதாவது வயதில் மூத்தவர்களுக்கு, பென்ஷனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டவர்களுக்கு, அலைச்சல் மிச்சம் இருக்கிறது. அவர்களுக்குத்தானே இது முதலில் வந்திருக்க வேண்டும்?

கூடவே கொண்டு போகும்படி எந்த அட்டையை வடிவமைத்தாலும் முதல் வேலை, அந்த மண்ணில் மனிதர்கள் பெயர் வைத்துக்கொள்ளும் விதத்தை மதிப்பது. ஒடிசாப் பையனின் பெயரைத் தமிழ்நாட்டு சூப்பர்வைசர் காதில் விழுந்தபடி எழுதுவதும் இதே கதைதான்.

1979-ல் சொன்ன பாஸ்புக்

வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஒரு கையடக்கப் பதிவு வேண்டும் என்பது புதிய யோசனை இல்லை. மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் 1979-லேயே அதைச் சொல்லிவிட்டது. அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும். எந்த நிறுவனம், எத்தனை நாள், என்ன கூலி, இடப்பெயர்ச்சிப் படி எவ்வளவு, திரும்பும் வழிச்செலவு எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் எழுதி, தொழிலாளியின் மொழி வேறானால் அதிலும் எழுத வேண்டும். அருமையான சட்டம். 41 ஆண்டு கழித்து 2020 ஊரடங்கில் தண்டவாளத்தில் நடந்தவர்களின் கையில் அந்தப் பாஸ்புக் இல்லை. யார் எங்கே வேலை செய்கிறார் என்ற பட்டியலே அரசிடம் இல்லை என்பது அன்றுதான் நாட்டுக்கே தெரிந்தது.

அதன் பிறகு அந்தப் பட்டியலை எடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கண்டிப்பாகச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 26 அன்று இ-ஷ்ரம் தளம் தொடங்கியது. 12 இலக்க எண், ஓர் அட்டை. 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள். அட்டையை வாங்கிப் பர்சில் வைத்திருப்பவர்கள் மண்ணூர்பேட்டையிலும் உண்டு. அது எதற்கு உதவுகிறது என்று கேட்டால் அவர்கள் விழிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆளை எண்ணுகிறது அது. அவர் என்ன தொழில் என்று ஒரு வரி சொல்கிறது. எவ்வளவு தேர்ந்தவர், யாரிடம் எவ்வளவு காலம் இருந்தார் என்று சொல்வதில்லை.

ரேஷன் கதை இதைவிட நன்றாக நடந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. பீகார் அட்டைக்காரர் மண்ணூர்பேட்டைக் கடையில் கைரேகை வைத்துத் தன் பங்கை வாங்கலாம். இது நடந்திருக்கிறது என்பதாலேயே மற்றதும் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. அரிசியைக் கூட அனுப்பிவைக்கத் தெரிந்த அரசுக்கு, ஒருவனின் உழைப்புப் பதிவை அனுப்பிவைப்பது மலையைப் பெயர்ப்பதா?

துண்டு

இங்கே நின்று எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். தொழிலாளியோடு கூடவே போகும் சீட்டு என்றால் எல்லாம் நன்மை என்று நினைத்துவிடக் கூடாது. தமிழனுக்கு அதில் கசப்பான அனுபவம் உண்டு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள் தட்டப்பாறை, மண்டபம் முகாம்களின் வழியே போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை மாட்டப்பட்டது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் குறி பொறித்திருக்கும். அதைக் காட்டினால் பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். அதாவது பெயர் போய்விடும், எண் வரும், அந்த எண்ணோடு கடனும் வரும். தோட்டத்தில் வேலை செய்யச் செய்ய, ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணியின் கணக்கில் கடன் வளரும். இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் இந்தத் தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்பது அதன் வாசகம். அதன் பெயர் துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும், ஆட்கள் கைமாறுவார்கள், கடன் அவர்கள் தலையிலேயே தொடரும். முன்னறிவிப்பின்றி விலகினால் சட்டப்படி குற்றம். கங்காணிகளும் துரைகளும் துண்டை வைத்து ஆள் வியாபாரமே நடத்தினார்கள். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது.

துண்டும் தொழிலாளியோடு கூடவே போன சீட்டுதான். அதில் அவனுடைய திறமை இல்லை, கடன் இருந்தது. எழுதியவன் துரை, படித்தவன் இன்னொரு துரை. நடுவில் நின்றவனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

பிரான்சிலும் இதே கதை. 1803-ல் நெப்போலியன் காலத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு புத்தகம் கட்டாயமாக்கப்பட்டது. வேலையில் இருக்கும்வரை முதலாளி அதைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். வாங்கிய முன்பணம் அதில் ஏறும். புத்தகம் இல்லாமல் ஊர்விட்டு ஊர் போனால் நாடோடி என்று பிடிக்கலாம். அது முற்றிலும் ஒழிந்தது 1890-ல். சோவியத் ஒன்றியம் 1939 தொடக்கத்திலிருந்து உழைப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்தது. அதுவும் நிறுவனத்தின் அலமாரியில்தான் இருந்தது. ரஷ்யாவில் 2020-லிருந்து அது மின்னணுப் பதிவாக மாறி வருகிறது.

ஆகவே என் பார்வையில் கேள்வி ஒன்றுதான். அட்டை யார் கையில்? தொழிலாளியின் கையில் இருந்தால் அது சொத்து. முதலாளியின் கையில் இருந்தால் அது விலங்கு. எஸ்டேட்டில் சங்கம் வைத்ததற்காக, ஓவர்டைம் கணக்குக் கேட்டதற்காக ஒருவரின் பெயர் வாய்வழியாகவே அடுத்த கேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் தொழிலாளர்களிடம் உண்டு. அந்த வாய்வழிச் செய்திக்கு எழுத்து வடிவம் கொடுக்கிற எந்த அட்டையும் வேண்டாம்.

நட்சத்திரங்கள் யாருடையவை

மண்ணூர்பேட்டையில் லேத்தை விட்டுவிட்டு பைக் ஏறியவர்கள் நிறையப் பேர். ஷிப்ட் குறைந்த மாதத்தில் முதலில் பகுதி நேரமாகத் தொடங்குவார்கள், பிறகு அதுவே முழு நேரமாகிவிடும். முகப்பேர், அண்ணா நகர், கொரட்டூர் என்று சோறும் சாமானும் கொண்டு போகிறார்கள். லேத்காரரின் நற்பெயர் முதலாளியின் நினைவில் இருந்தது. இவர்களுடையது எண்ணாகவே இருக்கிறது. எத்தனை ஆயிரம் டெலிவரி, எத்தனை நட்சத்திரம், எத்தனை புகார், எல்லாம் நொடி பிசகாமல் பதிவாகிறது. இவ்வளவு துல்லியமான பதிவு எந்தத் தொழிலாளிக்கும் வரலாற்றில் இருந்ததில்லை.

அந்தப் பதிவு அவருடையதா? ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பூஜ்யத்திலிருந்து தொடக்கம். மழையிலும் வெயிலிலும் சம்பாதித்த நட்சத்திரங்கள் பழைய கம்பெனியின் கணினியில் கிடக்கும். கணக்கை முடக்கிவிட்டால் தான் எவ்வளவு நன்றாக வேலை செய்தேன் என்று காட்டக்கூட அவரிடம் ஒரு தாள் இருக்காது. டாக்சி ஓட்டுநருக்கும், வீட்டுக்கு வந்து ஏ.சி. ரிப்பேர் செய்பவருக்கும், அழகுக்கலைப் பெண்ணுக்கும் இதே நிலைதான்.

ஐரோப்பா இதைச் சட்டத்தில் தொட்டுவிட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே ஒருவர் தன் தரவை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் உரிமையைத் தந்தது. ஆனால் அது அவரே கொடுத்த தரவுக்கு. வாடிக்கையாளர் போட்ட நட்சத்திரம் அதில் வருமா என்பதில் இழுபறி இருந்தது. 2024-ல் நிறைவேறிய செயலித் தொழிலாளர் பற்றிய ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு அந்த இழுபறியை முடித்தது. மதிப்பீடுகளும் விமர்சனங்களும் உட்பட, வேலையின் வழியே உருவான தரவைக் கொண்டுபோகும் உரிமை உண்டு என்று எழுதியே கொடுத்துவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும். இதற்கிடையே 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊபர், ஓலா ஓட்டுநர்கள் தங்கள் தரவைப் பார்க்கக் கேட்ட வழக்கில் பெரும்பாலும் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது.

இந்தியாவில்? நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவில் தரவைக் கொண்டுபோகும் உரிமை இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. யாரும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. தொழிற்சங்கங்களாவது கேட்டிருக்க வேண்டும். தரவு என்றால் ஏதோ ஐ.டி.காரர் சமாச்சாரம் என்று நாம் விட்டுவிட்டோம். அது கூலியோடு சேர்ந்த சமாச்சாரம்.

மாநிலங்கள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. செயலித் தொழிலாளருக்கு ராஜஸ்தான் 2023-ல் சட்டம் போட்டது. கர்நாடகம் 2025-ல் போட்ட சட்டம் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஒரே தொழிலாளர் எண்ணைப் பற்றிப் பேசுகிறது. காரணம் எழுதிக் கொடுத்து, 14 நாள் அவகாசம் தராமல் ஆளை நீக்கக் கூடாது என்கிறது. தமிழ்நாடு 2023 டிசம்பரில் செயலித் தொழிலாளருக்கு நல வாரியம் அமைத்தது. 2025-ல் அண்ணா நகரில் மாநகராட்சி குளிர்சாதன ஓய்வறை திறந்தது. வெயிலில் வந்து உட்கார ஓர் இடம் நல்ல காரியம்தான். அந்த வாரியமே, விலகும் ஒவ்வொருவருக்கும் செயலி நிறுவனம் அவருடைய வேலைப் பதிவை ஒரு சான்றாகத் தர வேண்டும் என்று ஒரு விதி செய்தால் அதன் மதிப்பு இன்னும் நீண்ட காலத்துக்கு நிற்கும்.

எஸ்டேட்டே தொடங்கலாம்

லேத்காரருக்கு என்ன செய்வது? 1946-ன் நிலையாணைகள் சட்டத்தின் மாதிரி விதிகளில் நிரந்தரத் தொழிலாளி பணி நீங்கும்போது சேவைச் சான்றிதழ் பெறும் உரிமை எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது பெரிய ஆலைகளுக்கான சட்டமாக இருந்தது. மண்ணூர்பேட்டை ஷெட்டை அது தொட்டதே இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்கின்றன. உள்ளே வரும்போது ஒரு கடிதம், சரி. வெளியே போகும்போதும் ஒரு கடிதம் வேண்டாமா?

மத்திய அரசின் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளம் 2023 செப்டம்பரில் வந்தது. கியூ.ஆர். குறியோடு திறன் சான்றிதழைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். அனுபவத்தால் கற்றவருக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் தேர்வும் உண்டு. குறை என்னவென்றால், எங்கோ ஒரு மையம் கொடுத்த சான்றிதழை எஸ்டேட் முதலாளி நம்புவதில்லை. அவர் நம்புவது தனக்குத் தெரிந்தவரின் வார்த்தையை, அல்லது தன் மிஷினில் போட்ட பீஸை. அந்த நம்பிக்கையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டால் என்ன? அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐமா என்ற தொழிலதிபர் சங்கம் எஸ்டேட்டிலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, எஸ்டேட் ஒப்புக்கொள்ளும் ஒரு ட்ரையலை ஒரே இடத்தில், உண்மையான மிஷினில், உண்மையான டிராயிங்கில் நடத்தலாம். டர்னர், செட்டர், வெல்டர், கிரைண்டர் என்று தொழிலுக்கு ஒரு தரம். அந்த முடிவு தொழிலாளியின் கைப்பேசியில் ஏறட்டும். அவர் விரும்பினால் காட்டுவார், விரும்பாவிட்டால் மூடிவைப்பார். அதில் தெரிந்தது மட்டும் இருக்கும், தெரியாதது இருக்காது. விடுப்பு, புகார், சண்டை, சங்கம் எதற்கும் அதில் கட்டமே இருக்கக் கூடாது. கடன் பேச்சே கூடாது. தவறு ஏறினால் திருத்தும் அதிகாரம் பழைய முதலாளியிடம் இல்லாமல் சோதனை நடத்திய இடத்தில் இருக்க வேண்டும். தமிழிலும், இந்தியிலும், ஒடியாவிலும், வங்காளத்திலும் அது வாசிக்கக் கிடைக்க வேண்டும்.

முதலாளிக்கும் இதில் லாபம். ஒவ்வொரு முறையும் தெரியாத ஆளை மிஷினில் நிறுத்தி, டூல் உடைத்து, மெட்டீரியல் வீணாக்கித் தெரிந்துகொள்ள வேண்டிய செலவு மிச்சம். ஆள் கிடைப்பதில்லை என்பது எஸ்டேட்டின் நிரந்தரப் புலம்பல். தன் திறமைக்குப் பதிவு இருக்கிற ஊரில் ஆள் நிற்பான். பதிவு இல்லாத ஊரில் பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

இது அமைகிறவரை தொழிலாளி கையில் இருக்கிறதைக் காத்துக்கொள்ளலாம். உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து ஒவ்வொரு கம்பெனியின் பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி மூடிப்போனாலும் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அரசு வைத்திருக்கும் சாட்சி அது. இரண்டு யு.ஏ.என். இருந்தால் ஒன்றாக்குங்கள். வேலை மாறும்போது படிவம் 10சி-யில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள், விலகிய பிறகு அதே காரியம் பத்து மடங்கு அலைச்சல். விலகும் நாளில் என்ன மிஷின், என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் மூன்று வரி எழுதி வாங்குங்கள். பெரும்பாலான சிறு முதலாளிகள் கேட்டால் மறுப்பதில்லை, கேட்பவர்தான் குறைவு. பி.எஃப். குறைகளுக்கு ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி 'நிதி ஆப்கே நிகட்' என்ற முகாம் மாவட்டங்களில் நடக்கிறது. ஆதார், பாஸ்புக் நகல், பழைய சம்பளச் சீட்டு, பழைய ஐ.டி. கார்டு எது இருந்தாலும் எடுத்துப் போங்கள்.